பச்சையில் வரைந்த பஞ்சம்

ஐம்பதுகளில் ஓசூரில் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் படம் வரைபவனாக இருந்தேன். கிணறோ ரோடோ, எதுவானாலும் முதலில் படம் வேண்டும். வேலை நடக்காவிட்டாலும் படம் இருந்துவிட்டால் போதும், எங்கள் மேலதிகாரிக்கு நிம்மதி.

அந்தக் கோடையில் ஒரே ஒரு கிணற்றுக்குத்தான் உத்தரவு. எந்த ஊருக்கு என்பதை மெட்ராஸிலிருந்து வரும் இலாகாப் பெரியவர் படத்தைப் பார்த்து முடிவு செய்வார். பஞ்சம் அஞ்செட்டிப் பக்கம்தான். அங்கே பெண்கள் ஓடை மணலைத் தோண்டி, ஊறுகிற தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் மொண்டுகொண்டிருந்தார்கள். தாலுகாவின் வரைபடத்தில், தண்ணீர் குறையக் குறைய ஊரின் நிறம் கருஞ்சிவப்பாகும்படி வரைந்து வைத்தேன். பள்ளிக்கூடம் போகாதவனுக்கும் புரிந்திருக்கும்.

மேலதிகாரிக்குப் பிடிக்கவில்லை. சிவப்பு கட்சிக்கொடி நிறமாயிற்றே என்றார். கறுப்பு அபசகுனமாம். வெள்ளையைப் பார்த்தால் துக்க வீடு நினைவுக்கு வருமாம். ராகுகாலம் பார்க்காமல் பேனாவைக்கூடத் திறக்காத மனிதர் அவர்.

“பச்சை போடுய்யா, கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும்” என்றார்.

ஆக, பஞ்சம் முற்றிய ஊருக்கு அடர்ந்த பச்சை, தண்ணீர் தாராளமான ஊருக்கு வெளிறிய மஞ்சள். இந்த மேதாவித்தனத்துக்கு விளக்கம் படத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. பெரியவர் வருகிற அன்று காலையில் படத்துக்குச் சந்தனம், குங்குமம் இட்டுச் சாமந்தி மாலையும் போட்டார்கள். மாலை சரியாக அந்த விளக்கத்தின் மேல் தொங்கியது. எரிச்சலோடு அதைத் தூக்கிக் கட்டப் போனேன்; மங்களகரமாக இருப்பதைக் கெடுக்காதே என்று விரட்டினார்கள்.

பெரியவர் வந்தார், இளநீர் குடித்தார், படத்தைப் பார்த்தார். அஞ்செட்டி செழிப்பாக இருப்பதில் அவருக்கு மெத்த மகிழ்ச்சி. கெலமங்கலம் மஞ்சளாகக் காய்ந்து கிடக்கிறதே என்று உச்சுக்கொட்டினார். வீதிக்கு வீதி கிணறு உள்ள கெலமங்கலத்துக்கே இன்னொரு கிணறு என்று கையெழுத்தானது. நான் வாயைத் திறந்தேன். மேலதிகாரி என் காலை மிதித்தார். பெரியவர் சொன்னதைத் திருத்துவது அவருக்கு மரியாதைக் குறைவு. ஒரு ஊரே தாகத்தில் கிடப்பதில் எந்தக் குறைவும் இல்லை.

அஞ்செட்டியிலிருந்து வந்த விவசாயி ஒருவர் காலையிலிருந்து வெளியே காத்திருந்தார். பெரியவரின் ஜீப் போனதும் உள்ளே வந்து, கிணறு எந்த ஊருக்கு என்று கேட்டார். கிணறு கெலமங்கலத்துக்குப் போய்விட்டது என்றேன். சொல்லவே வெட்கமாக இருந்தது. தன் ஊர் படத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டார். காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இத்தினி பச்சை இருக்குதுங்களே, எங்க மாட்டுக்கு ஒரு கட்டு அறுத்துக் குடுங்க சாமி.”

அவர் சிரிக்கவில்லை.