எந்தக் கை என்று கேட்டார் கடைக்காரர்

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நடந்தது இது. ஒரகடம் பக்கத்தில், கார்களுக்குத் தகட்டுப் பாகங்கள் அடித்துக் கொடுக்கும் ஒரு சின்ன கம்பெனியில் நான் சூப்பர்வைசர். சொந்த ஊர் சேரப்பணஞ்சேரி. எங்கள் நிலம் தொழிற்சாலைக்குப் போன புதிது, கையில் தாராளமாகப் பணம் இருந்தது. கார் வாங்கியிருந்தேன். சம்பளத்தை நம்பி வேலைக்கு வருகிறவன் இல்லை நான் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளும் திமிரும் இருந்தது.

எங்கள் பிரஸ் மெஷினில் இரண்டு பட்டன்கள் உண்டு. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலிருந்து டை எனும் இரும்பு அச்சு இறங்கித் தகட்டை அடிக்கும். கை உள்ளே இருக்கும்போது இறங்கிவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. ஆனால் அப்படி ஓட்டினால் அன்றைய டார்கெட் வராது. அதனால் ஒரு பட்டனை வயர் போட்டு, அழுத்தியபடியே இருக்கும்படி கட்டிவிடுவோம். ஒரு கை அடுத்த பட்டனை அழுத்தும், மற்ற கை தகட்டை வைத்து எடுக்கும். பாதுகாப்பு ஆடிட் வருகிற அன்று மட்டும் வயரை அவிழ்ப்போம். ஆடிட்டர் கார் கேட்டைத் தாண்டியதும் மறுபடி கட்டுவோம். அது தப்பு என்றே எங்களுக்கு உறைக்காமல் போய்விட்டது.

ஒரு நாள் காலை ஷிப்டில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து வேலை பார்த்த ஆபரேட்டர் ஒருவரின் கை டைக்குள் மாட்டிக்கொண்டது. நான்கு விரல்கள் போய்விட்டன. இருபத்தைந்து வயதுகூட இருக்காது. துணி சுற்றிய கையோடு அவரை வேனில் ஏற்றியபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். விசாரணையில் வயரைக் கட்டியது யார் என்று கேட்டார்கள். அவரே கட்டிக்கொண்டார், எனக்குத் தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உண்மையில் அன்று காலை அதைக் கட்டியவன் நான்தான்.

அவருக்கு வேலை போயிற்று. சில மாதம் கழித்து, படப்பை ரோட்டில் அவர் வெயிலில் நடந்து போவதைக் காருக்குள்ளிருந்து பார்த்தேன். கைமேல் துண்டு போட்டு மூடியிருந்தார். ஏதோ குடோனில் வாட்ச்மேன் வேலை, தினமும் நடைதான் என்று பிறகு தெரிந்தது. காரை நிறுத்த எனக்குத் தைரியம் வரவில்லை. நேரே பார்த்துக்கொண்டு போய்விட்டேன்.

அப்போதுதான் பேட்டரி சைக்கிள் கடைகளுக்கு வர ஆரம்பித்திருந்தது. கிளட்ச் பிடிக்க வேண்டாம், கியர் போட வேண்டாம். இதுதான் வழி என்று முடிவு செய்தேன். இருப்பதிலேயே உசத்தியான வண்டியை வாங்கிக் கொடுத்துவிட வேண்டும். தாம்பரம், பூந்தமல்லி, மவுண்ட் ரோடு என்று மூன்று வாரம் கடை கடையாக அலைந்தேன். எவ்வளவு தூரம் ஓடும், மழையில் நனைந்தால் என்ன ஆகும், பேட்டரி எத்தனை வருஷம் வரும் என்று ஒன்று விடாமல் கேட்டேன். விலையை மட்டும் கேட்கவே இல்லை. கடைசியில் தாம்பரத்தில் ஒரு வெளிநாட்டு வண்டியைப் பிடித்தேன். அதைவிட நல்லது ஊரிலேயே கிடையாது.

வண்டி யாருக்கு என்று கடைக்காரர் கேட்டார். ஒரு கையில் விரல் இல்லாதவருக்கு என்றேன்.

"இன்னா சார், அத மொதல்லயே சொல்லக் கூடாதா? ஆக்ஸிலேட்டர் ஒரு பக்கம் கீது, பிரேக் ரெண்டு பக்கமும் கீது. எல்லாத்தையும் நல்லா கீற கைக்கு மாத்தித் தரேன். எந்தக் கை போச்சு?"

எனக்குத் தெரியவில்லை. வேனில் ஏற்றும்போதும் பார்க்கவில்லை, ரோட்டிலும் பார்க்கவில்லை. நான் கணக்குப் போட்டேன். கட்டியது இடப்பக்கத்துப் பட்டன். அப்படியென்றால் வலது கை அடுத்த பட்டனில் இருந்திருக்கும். தகட்டை வைத்தது இடது கை.

"இடது கை" என்றேன். அந்த மனிதனின் கை எனக்கு நினைவில்லை. நான் கட்டிய வயர் எந்தப் பக்கம் என்பது மட்டும் அச்சாக நினைவிருந்தது.

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. பிரேக்கையெல்லாம் மாற்றி, குட்டி யானை லோடு வண்டியில் ஏற்றி, அந்த ஆபரேட்டர் தங்கியிருந்த அறைக்குக் கொண்டுபோனேன். வண்டியை இறக்கிவிட்டு டிரைவர் போய்விட்டார். ஆபரேட்டர் வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார், வலது கையால் பிரேக்கைப் பிடித்துப் பார்த்தார். பிறகு சாவியை என் கையிலேயே வைத்தார்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு சார். எனக்கு வேண்டாம். அந்த வயர நான் கட்டலன்னு எழுதிக் குடுங்க. நீங்க முன்ன எழுதுன காயிதத்த கம்பெனில எங்கப்பாகிட்டயும் காட்டிட்டாவ. நாந்தான் அவசரப்பட்டுக் கையக் குடுத்தேன்னு அவரும் நம்புதாரு."

முதலில் வண்டியை எடுத்துக்கொள் தம்பி, அதைப் பிறகு பார்க்கலாம் என்றேன். இன்று எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. அவர் கோபப்படவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு, டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று அந்தப் பகல் வெயிலில் நடக்க ஆரம்பித்தார்.

காரை வீட்டிலேயே விட்டு வந்திருந்தேன், திரும்பிப் போக எனக்கு வேறு வண்டி இல்லை. அதிலேயே ஏறி உட்கார்ந்தேன். ஒரு சத்தம் இல்லை, ஒரு குலுக்கல் இல்லை. அவரை நான் கடந்துதான் போக வேண்டியிருந்தது. கடந்தேன். இடது கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கி எனக்கு வழிவிட்டார். அந்த இடத்தில் என்னால் தாங்க முடியவில்லை, அழுதுவிட்டேன். வீட்டுக்குப் போகாமல் நேரே கம்பெனிக்குப் போனேன். ஆபீசில் ஒரு வெள்ளைத் தாள் வாங்கி, பட்டனைக் கட்டியவன் நான், முன்பு எழுதிக் கொடுத்தது பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். படித்த மேனேஜர், "யோசிச்சுத்தான் எழுதினீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த மாதத்தோடு எனக்கு வேலை போயிற்று. அவரைத் திரும்பக் கூப்பிட்டு ஸ்டோர்ஸில் வேலை கொடுத்தார்கள். வண்டியைக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடிதத்தின் நகலை அவரிடம் கொடுத்தபோது, அங்கேயே நின்று ஊருக்குப் போன் போட்டு, அப்பாவுக்கு ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினார். முடித்ததும், "அழாதீங்கப்பா, அழாதீங்க" என்று இவர் சொல்லிக்கொண்டே இருந்தார். என்னிடம் மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்றும் யாருக்காவது பெரிதாக எதையாவது வாங்கிக் கொடுக்க மனம் பறந்தால், வாங்கிக்கொள்பவரிடம் நான் சொல்லாமல் வைத்திருக்கும் உண்மை ஏதும் உண்டா என்று யோசித்த பிறகுதான் கடைக்குப் போகிறேன்.