விழ மறுத்த உலக்கை

உலக்கைக்கும் சூரியனுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இதைச் சொன்னதற்காக எட்டாம் வகுப்பில் நான் வாங்கிய திட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தொண்ணூறுகளில் ஒரு வருஷம், தீபாவளி முடிந்த கையோடு காலையில் சூரிய கிரகணம் வந்தது. அப்போது நாங்கள் இரும்புலியூரில் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பாவின் தங்கை, என் அத்தை, பிள்ளைத்தாய்ச்சியாக வந்திருந்தார். அவருக்குத் துணையாகப் பெரியம்மாவும் வந்து, வந்த அன்றே வீட்டின் ஆட்சியை எடுத்துக்கொண்டிருந்தார். கிரகணத்தன்று அத்தையை உள் அறையில் உட்காரவைத்து, ஜன்னலுக்குப் போர்வை கட்டி, கதவைச் சாத்தினார். கிரகணம் விடும்வரை சாப்பாடு இல்லை, தண்ணீர் இல்லை, அரித்தால் சொறிந்துகொள்ளக்கூட அனுமதி இல்லை.

கிரகணம் விட்டதை எப்படித் தெரிந்துகொள்வது? அதற்குத்தான் உலக்கை. தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி நடுவில் உலக்கையை நிறுத்தினால், கிரகணம் இருக்கும்வரை அது பிடிமானமில்லாமல் நிற்குமாம். விட்டதும் தானாக விழுந்துவிடுமாம். மிக்சி வந்த பிறகு எங்கள் வீட்டில் உலக்கை ஏது? எதிர்வீட்டு அக்காவிடம் இரவல் வாங்கி வந்து கூடத்தில் நிறுத்தினார்கள். நின்றது. பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. பள்ளியில் ஈர்ப்பு மையம் பாடம் அப்போதுதான் நடத்தியிருந்தார்கள். ஈர்ப்பு மையத்திலிருந்து நேர் கீழே இறங்கும் கோடு அடிப்பரப்புக்குள் விழுகிறவரை பொருள் நிற்கும். பூண் போட்ட உலக்கையின் அடி தட்டை. கிரகணத்தன்றும் நிற்கும், பொங்கலன்றும் நிற்கும். கையை ஆட்டி ஆட்டி இதை நான் விளக்கினேன்.

"வந்துட்டா பெரிய விஞ்ஞானி. போய் மூலையில உட்காரு" என்றார் பெரியம்மா. அப்பா பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவர். அவர் டிவியிலிருந்து தலையைத் திருப்பவே இல்லை. பெரியம்மாவின் திட்டைவிட அந்த மௌனம்தான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

கிரகணம் முடிந்துவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். தெருவில் பளீரென்று வெயில். எதிர்வீட்டில் எல்லாரும் தலைக்குக் குளித்து, இட்லிகூட வெந்துவிட்டது. எங்கள் உலக்கை மட்டும் அசையவில்லை. ஏன் அசையும்? அடி தட்டை, தரை சமம். உலக்கையைத் திரும்ப வாங்கிப்போக வந்த எதிர்வீட்டு அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார். "இன்னாது இது, இன்னும் நின்னுகினு கீது?"

உள்ளேயிருந்து அத்தை வறண்ட குரலில், "விழுந்துடுச்சா அண்ணி?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லம்மா" என்றார் பெரியம்மா. சூரியனே விடுபட்டாலும் அத்தைக்கு விடுதலை இல்லை.

ஒரு மரக்கட்டைக்காக ஒரு கர்ப்பிணி தண்ணீரில்லாமல் கிடப்பதா? எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. எழுந்துபோய் உலக்கையை ஒரே தள்ளாகத் தள்ளினேன். தாம்பாளம் கவிழ்ந்து மஞ்சள் தண்ணீர் டிவி ஸ்டாண்டு வரைக்கும் ஓடியது.

சத்தம் கேட்டுக் கதவு லேசாகத் திறந்தது. "தானா விழுந்துச்சா?" என்றார் அத்தை.

"நான்தான் தள்ளினேன். அது தானா விழவே விழாது அத்தை. வாங்க, வந்து தண்ணி குடிங்க" என்றேன் பெருமையாக.

அத்தை என்னை ஒரு நொடி பார்த்தார். கதவு மறுபடியும் சாத்திக்கொண்டது. உள்பக்கம் தாழ்ப்பாள் போடும் சத்தமும் கேட்டது.

பெரியம்மா என் முதுகில் ஒன்று வைத்தார். அம்மா தரையைத் துடைக்க ஆரம்பித்தார். அப்பா எழுந்து, தாம்பாளத்தில் புதிதாகத் தண்ணீர் விட்டு, உலக்கையைத் துளி சாய்வாக நிறுத்திப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பொறுத்து விரலை எடுத்தார். கோடு அடிப்பரப்புக்கு வெளியே போயிருந்தது. உலக்கை தடாலென்று விழுந்தது.

"தானா விழுந்துடுச்சும்மா, வெளிய வா" என்றார் அப்பா, கதவைப் பார்த்து.

பொய்! பி.எஸ்ஸி. படித்த வாயால் பச்சைப் பொய்! நான் கத்த வாயெடுத்தேன். அம்மா ஈரக் கையால் என் வாயைப் பொத்தினார். தாழ்ப்பாள் விலகியது. அத்தை வெளியே வந்து ஒரு சொம்புத் தண்ணீரையும் மூச்சுவிடாமல் குடித்தார். அன்று முழுக்க நான் அப்பாவோடு பேசவில்லை. பாடமும் தெரிந்து, அதை வைத்தே பொய்யும் சொல்கிற மனிதரோடு என்ன பேச்சு?

அத்தைக்கு அதற்கு முன்பு ஒரு குழந்தை பிறந்து தங்காமல் போயிருக்கிறது. கர்ப்பமாக இருந்தபோது ஒரு சந்திர கிரகணத்தன்று அவர் வாசலில் வந்து நின்றாராம். அதனால்தான் பிள்ளை போனது என்று புகுந்த வீட்டில் வருஷக்கணக்காகச் சொல்லிக் காட்டியிருக்கிறார்கள். இதெல்லாம் எனக்குக் கல்யாணமான பிறகுதான் தெரியவந்தது. கேட்டபோது வந்த ஆத்திரத்துக்கு முன்னால் அந்த உலக்கைக் கோபம் ஒன்றுமே இல்லை. அன்றைக்கு அத்தையை அறைக்குள் அடைத்து வைத்திருந்தது பெரியம்மா என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.