ஒன்பதுக்கு ஏறி ஏழுக்கு இறங்கினோம்

சபையில் எழுந்து நின்று இதைச் சொல்ல என்னால் முடியாது, அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் சிங்கப்பூர் ஆங் மோ கியோவில் எங்களுக்கு வீடு கிடைத்தது. ஏழாவது மாடி. எங்கள் புளோக்கில் கீழ்த்தளத்தை விட்டால் லிஃப்ட் ஐந்திலும் ஒன்பதிலும்தான் நிற்கும். லிஃப்ட் சத்தம் இல்லாத மாடி என்று ஸ்தோத்திரம் பண்ணி, எல்லாரிடமும் பெருமை பேசினேன். அடுத்த வருடமே என் கணவர் தேவராஜ் கப்பல் பட்டறையில் சாரத்திலிருந்து விழுந்தார். இடுப்பும் வலது காலும் நொறுங்கிவிட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியோடு தூக்கி வந்து வீட்டில் விட்டார்கள்.

அதற்குப் பிறகு வெளியே போக மாட்டேன் என்றுவிட்டார். கோவிலுக்குக் கூப்பிட்டால், "என்ன, மூட்டை மாதிரி தூக்கிட்டுப் போகப் போறியா?" என்பார். கீழ்த்தளத்தில் கீழ்வீடு ஒன்று கொடும் என்று நான் ஜெபித்தேன். வீடு கொடுக்கும் ஆபீசில் காத்திருக்கச் சொன்னார்கள். போதகரும் காத்திருக்கச் சொன்னார். கர்த்தருடைய நேரம் என்று யாராவது சொன்னாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவருக்கு என் வீட்டு முகவரி தெரியாதா?

வீடு வரவில்லை. என் கணவர் ஜெபிப்பதை விட்டார். பிறகு பேசுவதையும் குறைத்தார். ஒரு நாள் ஜன்னலைப் பார்த்தபடி, "கிரேஸ், இங்கேருந்து கீழே போக ரொம்ப நேரம் ஆகாது, இல்ல?" என்றார். அன்றிலிருந்து ஜன்னல் கதவுகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் மார்க்கெட்டுக்குப் போவேன். வழியெல்லாம் பயம். ஜெபத்துக்கு வார்த்தைகூட வராது. எப்போது, ஆண்டவரே? அவ்வளவுதான்.

அப்படியே ஒரு வருடத்துக்கு மேல் போனது. ஒரு காலை பையோடு வந்தபோது அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"நீ ஏன் மேலேருந்து வர்றே?"

"பை கனம்ங்க. ஒன்பதுக்குப் போயிட்டு இறங்கி வருவேன். ஏறுறதை விட இறங்குறது லேசு லா."

படிக்கட்டை எட்டிப் பார்த்தார். "உட்கார்ந்து உட்கார்ந்து என்னால இறங்க முடியும் கிரேஸ். ஏறத்தான் முடியாது."

பையைக் கீழே போட்டுவிட்டேன். போகும்போது ஐந்துக்கு இறங்கலாம். வரும்போது ஒன்பதிலிருந்து இறங்கலாம். தினமும் நான் நடக்கிற வழி! கீழ்வீடு, கீழ்வீடு என்றே கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அது தோன்றவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, படி படியாக உட்கார்ந்து இறங்கினார். நாற்காலியைச் சுமந்துகொண்டு நான் பின்னால் போனேன். வலியில் முகமெல்லாம் வியர்வை. ஐந்தாவது மாடிக்கு வந்தால் லிஃப்ட் கெட்டுக் கிடக்கிறது. திரும்பி ஏறவும் முடியாது. "இது என்ன விளையாட்டு ஆண்டவரே!" என்று நான் கத்திவிட்டேன்.

"இரு, வரும்," என்றார் அவர்.

அந்த மாடியில் இருந்த மலாய்க்கார அம்மா கோப்பி கொண்டுவந்து கொடுத்தார். ஆராதனை நேரம் வந்து, போயும் போய்விட்டது. நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தபோது என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். "ஆண்டவரே, இங்க உட்கார்ந்திருக்கேன்," என்றார். நெடுநாள் கழித்து அவர் வாயிலிருந்து வந்த ஜெபம் அது.

மத்தியானத்துக்கு மேல்தான் லிஃப்ட் சரியானது. கோவில் முடிந்திருக்கும். இருந்தாலும் கீழே போனோம். செருப்பைக் கழற்றி, புல்லில் காலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு ஒன்பதுக்கு ஏறி, ஏழுக்கு இறங்கினோம்.

அடுத்த வாரம் ஃபேரர் பார்க் பக்கத்தில் இருக்கும் எங்கள் சபைக்கு வந்தார். இப்போது கோலூன்றி நடக்கிறார். கீழ்வீடு இன்றுவரை வரவில்லை. நானும் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

கேட்டுக் கேட்டுச் சோர்ந்துபோனவர்களே, உங்களிடம் பொறுமையாக இருங்கள் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் ஆண்டவரை விட்டுவிடாதீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குள் வந்ததும் என் கணவர் முதலில் செய்தது, ஜன்னல் கயிற்றை அவிழ்த்ததுதான்.