துக்கம் கேட்க வந்தவர்கள்

துக்கம் கேட்க வருகிறவர்களைக் கண்டாலே வெங்கடம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வரும். தெருமுனை வரைக்கும் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, யார் வீட்டு மாடு கன்று போட்டது என்று பேசிச் சிரித்துக்கொண்டு வருவார்கள். சாவு வீட்டு வாசல் தெரிந்ததும் வெற்றிலையைத் துப்பிவிட்டு, முந்தானையை வாயில் வைத்து, "அய்யோ, என் ராசா" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அந்த ராசா உயிரோடு இருந்தபோது ஒரு வாய் மோர் ஊற்றியிருக்க மாட்டார்கள், கழுதைகள்.

இந்த வெறுப்பு அவளுக்குச் சும்மா வரவில்லை. சின்ன வயதில் அவளுடைய அம்மா கேழ்வரகுக் கொல்லையில் பாம்பு கடித்துச் செத்தாள். வந்த பெண்கள் இவளை நடுவில் உட்கார வைத்து, "அழுடி, அழாட்டி நெஞ்சுல கட்டிக்கும்" என்று தொடையில் கிள்ளிக் கிள்ளி அழ வைத்தார்கள். கிள்ளிய கைகளில் ஒன்று, போகும்போது அம்மாவின் வெண்கலச் சொம்பையும் தூக்கிக்கொண்டு போனது. பிறகு கல்யாணமாகி, கட்டியவன் கோலார் தங்கவயலுக்கு வேலைக்குப் போய் அங்கேயே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டான். அதற்கும் துக்கம் கேட்க ஆள் வந்தது. அன்றைக்கு வெங்கடம்மாள் விளக்குமாற்றை எடுத்தாள். அதிலிருந்து ஊரில், அவள் வாயில் விழுவதும் கொதிக்கிற உலையில் விழுவதும் ஒன்று என்று பேர். அவள் அந்தப் பேரைக் கெடுத்துக்கொள்ளவே இல்லை.

ஐம்பத்தைந்தாம் வருஷத்து மாசியில் பக்கத்து வீட்டு சென்னகிருஷ்ணன் புளியமரத்திலிருந்து விழுந்து செத்தான். வருஷா வருஷம் ஏறி உலுக்குகிற மரம்தான். அன்றைக்கு உச்சிவேளையில் விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. பெண்டாட்டி முன்பே போய்ச் சேர்ந்துவிட்டவள். மிஞ்சியது மகன் ராஜப்பனும், வயதுக்கு வந்து ஒரு வருஷமான மகள் செல்வம்மாளும். களிச் சட்டியோடு மரத்தடியில் நின்று, விழுந்ததைக் கண்ணால் பார்த்தவள் செல்வம்மாள்தான். போதாதா? வந்தவர்களுக்கெல்லாம் அவள்தான் வேண்டும்.

"எப்பிடிம்மா விழுந்தாரு?"

மூன்று பாஷையும் புழங்குகிற எல்லைப்பக்கம் அது. தமிழில் கேட்டவர்களுக்குத் தமிழில், கன்னடத்தில் கேட்டவர்களுக்குக் கன்னடத்தில், தெலுங்கில் கேட்டவர்களுக்குத் தெலுங்கில் அந்தப் பெண் தன் அப்பன் செத்ததைச் சொல்ல வேண்டும். "மரத்துல இருந்தாரு. விழுந்துட்டாரு." அவ்வளவுதான் சொல்வாள். வந்தவர்களுக்கு அது பற்றவில்லை. மலை ஏறி இறங்கி வந்திருக்கிறார்களே, கூலி வேண்டாமா? எந்தக் கிளை, தலை முதலில் பட்டதா கால் பட்டதா, கடைசியாக என்ன சொன்னார் என்று தோண்டுவார்கள். கடைசியாக என்ன சொன்னார் என்கிற இடத்தில் செல்வம்மாள் வாயை மூடிக்கொள்வாள். அப்புறம் ஒருநாள் மூடிய வாயைத் திறக்கவே இல்லை.

வெங்கடம்மாள் வீட்டு வாசலில் புளி தட்டிக்கொண்டே இதையெல்லாம் பார்த்தாள். இன்னொன்றையும் பார்த்தாள். அண்ணனைச் சாப்பிடக் கூப்பிட வேண்டுமென்றால்கூட அந்தப் பெண் குரல் கொடுப்பதில்லை; கொல்லைக்கோடி வரை நடந்துபோய் அவன் தோளைத் தொடுவாள். அழுத்தக்காரி என்று நினைத்துக்கொண்டாள் வெங்கடம்மாள். தப்புக் கணக்குதான்; வெங்கடம்மாள் மட்டும் என்ன, பெரிய அறிவாளியா?

சென்னகிருஷ்ணனின் அண்ணன் திம்மப்பன் ஊருக்குப் பெரிய மனுஷன். மீசையும் துண்டும் பெரிசு, மற்றதெல்லாம் சின்னது. கருமாதி முடிந்த கையோடு கூட்டத்தைக் கூட்டித் தீர்ப்புச் சொன்னான். "அழல, பேசல, சாப்பிடல. தம்பிதான் பொண்ணு மேல வந்து எறங்கியிருக்கான். ஆசையோட போனவன் இல்லியா. ஓட்டி விட்டுடணும்."

ஊர் மொத்தமும் தலையாட்டியது. அந்தப் பக்கத்து வழக்கம் அது. பேய் பிடித்தவளைப் புளியமரத்தடிக்குக் கொண்டுபோய், அவள் உச்சிமுடியில் ஒரு கற்றையை ஆணியில் சுற்றி மரத்தில் அறைந்து, முடியை அறுத்துவிடுவார்கள். பேய் மரத்தோடு நின்றுவிடும். அதுவும் எந்த மரம்? அவன் விழுந்த அதே மரம். பெற்ற அப்பனைப் பேயென்று சொல்லி, அவன் செத்த இடத்திலேயே வைத்து மகளை அடித்து அவனை விரட்டப்போகிறார்கள்! இந்த யோசனைக்கு ஒரு மீசை வேறு கேடு.

நாட்றாம்பாளையத்திலிருந்து பூசாரி கரியப்பன் வந்தான். வெள்ளிக்கிழமை உச்சிவேளையில் செல்வம்மாளை மரத்தடியில் தலைவிரி கோலமாக உட்கார வைத்தார்கள். தடுக்கப்போன ராஜப்பனை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். துக்கம் கேட்க வந்த அதே கூட்டம் சுற்றி நின்றது. திருவிழாவுக்குக்கூட அத்தனை பேர் வந்ததில்லை. வெங்கடம்மாள் காறித் துப்பிவிட்டு ஒரு ஓரமாக நின்றாள்.

வேப்பங்கொத்து பளீர் பளீரென்று விழுந்தது. "சொல்லு! யாரு நீ? எதுக்கு வந்தே?"

செல்வம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பூசாரி முடியை ஆணியில் சுற்றினான். சுண்டி இழுத்ததில் அவள் தலை மரத்தில் போய் மோதியது. அண்ணாந்தவள் கண்ணில் அந்தக் கிளை பட்டிருக்க வேண்டும்.

"நான்தான் கூப்பிட்டேன்" என்றாள்.

"ஆங்! யாரக் கூப்பிட்டே?"

"அப்பாவ. களி ஆறிப்போவுது, எறங்கி வாப்பான்னு கூப்பிட்டேன். திரும்பிப் பாத்தாரு. காலு வழுக்கிருச்சு."

"பேய் பேசிருச்சு!" என்று கூவினான் பூசாரி. கூட்டம் உச்சுக் கொட்டியது. திம்மப்பன் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு, "தம்பி, எங்கள விட்டுட்டுப் போயிடுப்பா" என்று மரத்தைப் பார்த்துக் கும்பிட்டான். பதினாறாம் நாள் தாண்டி அந்தப் பெண் வாயைத் திறந்து தன் நெஞ்சில் கிடந்ததைச் சொல்லியிருக்கிறாள். ஒரு ஜென்மத்துக்காவது அது காதில் விழுந்ததா? பூசாரி சுத்தியலை ஓங்கினான்.

ஓங்கிய கையை வெங்கடம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"தள்ளிப் போமே! பேய் உன்னப் புடிச்சுக்கும்."

"புடிக்கட்டும். என்னப் புடிச்ச பேயி கோலார்ல குடும்பம் நடத்துது. அதையே பாத்தவ நானு." அவள் ஆணியைப் பிடுங்கி முடியை அவிழ்த்தாள். "பேயாம், பேயி! பேசறது அந்தப் புள்ளடா, காது பூசணம் புடிச்சவனுங்களா!"

பிறகு செல்வம்மாள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். தேறுதல் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. திட்டத்தான் வரும், அதையே செய்தாள்.

"ஏண்டி கூறுகெட்டவளே, களிக்குக் கூப்பிட்டா மனுசன் செத்துப் போவானா? அப்பிடின்னா இந்த ஊர்ல ஒரு ஆம்பள மிஞ்சியிருப்பானா? இந்தா நிக்கறாரே உங்க பெரியப்பன், வேளா வேளைக்குக் கூப்பிடறாங்க. குத்துக்கல்லாட்டம் நிக்கறாரு பாரு!"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். செல்வம்மாள் வெங்கடம்மாளின் முகத்தையே பார்த்தாள். உதடு கோணியது. பிறகு வயிற்றிலிருந்து ஒரு அழுகை வந்தது. உடனே சுற்றி நின்ற பெண்கள் முந்தானையைத் தேடிக்கொண்டு முன்னால் வந்தார்கள்.

"ஒருத்தி வாயத் தொறந்தாலும் பல்லு இருக்காது" என்றாள் வெங்கடம்மாள். "அவ அப்பன். அவ அழட்டும்."

பூசாரி தட்சணைச் சேவலை மட்டும் மறக்காமல் தூக்கிக்கொண்டு போனான். திம்மப்பன் பிறகு பல நாள் வெங்கடம்மாளைக் கண்டால் வேறு சந்தில் திரும்பினான். நல்லதாகப் போயிற்று என்று அவள் சொல்லிக்கொண்டாள்.

ஆனால் பேச ஆரம்பித்த செல்வம்மாள் யாரையும் குரல் கொடுத்து மட்டும் கூப்பிடவில்லை. பங்குனி பிறந்தது. மரத்தில் மிச்சப் புளி காய்ந்து தொங்கியது. ஏறாதே என்று தடுக்க வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை. ராஜப்பன் ஒருநாள் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஏறிவிட்டான். வெங்கடம்மாள் கீழே பொறுக்கிக்கொண்டிருந்தாள். உச்சிவேளைக்குச் செல்வம்மாள் களிச் சட்டியோடு வந்தாள். வந்தவள் மரத்துக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றுவிட்டாள். மரத்தின் மேல் நடந்துபோய்த் தோளைத் தொட முடியுமா?

"அத்தே, நீ கூப்பிடு."

வெங்கடம்மாள் பொறுக்குவதை நிறுத்தினாள். இவள் கூப்பிட்டு, அவன் திரும்பி, கால் வழுக்கினால்? இந்தப் பெண்ணை அப்புறம் யார் மீட்பது? தானே ஒரு குரல் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. ஆனாலும் வாயைக் கட்டிக்கொண்டாள். வாழ்நாளில் அவள் வாயைக் கட்டியது அன்றைக்குத்தான்.

"எனக்கென்ன, எங்கண்ணனா?" என்றாள், தலை நிமிராமல். "வேணும்னா கூப்பிடு. இல்லாட்டி ஆறட்டும்."

செல்வம்மாள் நின்றாள். களியின் மேல் ஆவி அடங்கியது. வெங்கடம்மாள் பொறுக்கிய புளியையே திரும்பத் திரும்பக் கூடையில் போட்டு எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா." குரல் பாதியில் உடைந்தது. மறுபடி, இந்த முறை தெரு வரைக்கும் கேட்கிற மாதிரி, "அண்ணா! களி வந்துருச்சு, எறங்கி வா!"

மேலே கிளை சலசலத்தது. ராஜப்பன் எட்டிப் பார்த்தான். செல்வம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவன் ஒவ்வொரு கிளையாகக் காலை வைத்து இறங்கி வந்து, கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, சட்டியில் விரலை வைத்துப் பார்த்தான்.

"ஆறிப் போச்சே. முன்னாடியே கூப்பிடக் கூடாதா?" என்றான்.