நடுமதிலுக்கு இந்தப் பக்கம்

ஈர ஸ்பாஞ்சால் கரும்பலகையைத் துடைத்ததும் எழும் அந்தச் சாக்பீஸ் வாடை எங்கேனும் மூக்கில் பட்டால், இந்த வயதிலும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. பள்ளி நினைவு எல்லோருக்கும் இனிக்கும் என்கிறார்கள். எனக்கு இனித்ததில்லை, இனிக்கவைத்து எழுதும் உத்தேசமும் இல்லை.

அறுபதுகளின் பிற்பகுதியில், ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழக ஊரில் அப்பா வேதியியல் ஆய்வாளராக இருந்தார். அங்கே அரசாங்க உயர்நிலைப் பள்ளிகள் இரண்டு, ஒரே வளாகத்தில், நடுவே செங்கல் மதிலோடு நின்றன. அந்தப் பக்கம் செஸ்ட்நட் மரங்களும் கோபுரக் கடிகாரமுமாகப் பழைய "கிம்னாஸியும்". அதில் படித்தால்தான் பல்கலைக்கழகம். இந்தப் பக்கம் புதிதாக எழுப்பிய சிமெண்ட் பெட்டியான "ஹாப்ட்ஷூல". அங்கிருந்து தொழிற்சாலைக்கோ கடைக்கோ போகவேண்டியதுதான். எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் என்று ஆரம்பப் பள்ளியின் நான்காம் வகுப்பு ஆசிரியை சொல்வது வழக்கம். எனக்கோ அப்பாவைப் போல வெள்ளைக் கோட்டு போட்டு ஆய்வகத்தில் நிற்கவேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை கிடையாது.

"டீச்சர் கேட்டா மட்டும்தான் வாயத் திறக்கணும், புரிஞ்சுதா?" என்பது தினமும் தலை பின்னும்போது அம்மா ஓதும் மந்திரம். மதுரையில் அதற்குப் பெயர் மரியாதை. ஜெர்மன் வகுப்பிலோ தானாகக் கையைத் தூக்கி முந்திக்கொண்டு பேசுகிற பிள்ளைக்குத்தான் மதிப்பெண். எல்லா விடையும் தெரிந்தும், ஆசிரியை என்னைக் கேட்பாள் கேட்பாள் என்று வருடம் முழுக்கக் கைகட்டிக் காத்திருந்தேன். அவள் கேட்கவே இல்லை. (அவர் என்று எழுதக் கை வரவில்லை.) அமைதியான பெண், தையலும் சமையலும் நன்றாக வரும், ஹாப்ட்ஷூல போதும் என்று அப்பாவிடம் புன்னகையோடு சொன்னாள்.

அப்பா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா செய்த மைசூர்பாகை டப்பாவோடு அவளிடம் கொடுத்து, நன்றி சொல்லிவிட்டு வந்தார். "டீச்சர் சொன்னா கரெக்டாத்தான் இருக்கும், கண்ணு. நாம ஆர்க்யூ பண்ணக்கூடாது" என்றார். அந்த டப்பாகூடத் திரும்பி வரவில்லை.

பிறகு வருடக்கணக்கில் ஹாப்ட்ஷூலவின் தையல் வகுப்பில் ஏப்ரனுக்கு ஓரம் தைத்தேன். மதிலைத் தாண்டி வந்து விழும் செஸ்ட்நட் காய்களைப் பொறுக்கி, யார் மண்டையில் பட்டாலும் படட்டும் என்று திருப்பி வீசினேன். எழுபதுகளில் அரசாங்கம் இரண்டு பள்ளிகளையும் ஒன்றாக்கி, எல்லோருக்குமான "கெஸாம்ட்ஷூல" ஆக்கியது. மதிலை இடித்த அன்று, கடைசிச் செங்கல் லாரியில் ஏறும்வரை மழையில் நின்று பார்த்தேன். மறுநாள் பொது வகுப்பில் தூக்கிய கையை நான் அப்புறம் இறக்கவே இல்லை. வெள்ளைக் கோட்டும் கிடைத்தது.

சென்ற வருடம் பள்ளியின் ஆண்டு விழாவில், அது வளர்ந்த கதையைப் பேச என்னை அழைத்தார்கள். மதில் இருந்த இடத்தில் இப்போது சைக்கிள்கள் நிற்கின்றன. செஸ்ட்நட் மரங்கள் இல்லை, கரும்பலகைகள் இல்லை, அப்பாவும் இல்லை. அவள் இருந்தாள், ஊரின் மூத்த ஆசிரியைகளுக்கான முதல் வரிசையில், கைத்தடியோடு. என் கையைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பெண் பெரிய ஆளாக வருவாள் என்று தனக்கு அப்போதே தெரியும் என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்.

எழுதிக் கொண்டுபோன உரையை மடித்துப் பையில் போட்டேன். மைக்கின் முன் நின்று, மைசூர்பாகு டப்பா உட்பட நடந்ததையெல்லாம் அவள் முகத்தைப் பார்த்தபடியே சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் தலை குனிந்தது, நான் நிறுத்தவில்லை. அன்றும் அவள் என்னைக் கேட்கவில்லை. நான் காத்திருக்கவும் இல்லை.