ஒட்டியும் நிற்காத காற்று

ஏழுமலை என் சட்டைக் காலரைப் பிடித்ததும் கடை முன்னால் கூட்டம் கூடிவிட்டது. தொண்டூர்க்காரர். காலையில் செஞ்சி பஸ் நிலையத்துச் சைக்கிள் ஸ்டாண்டில் வண்டியை விட்டுவிட்டு, காய்கறியோடு திண்டிவனம் போய் வருவார். ஸ்டாண்டை ஒட்டி என் பஞ்சர் கடை.

“காலைல ஜம்முனு ஓட்டிக்கினு வரேன். சாயங்காலம் பாத்தா சப்பையா கெடக்குது. நீ ஒட்டிக் குடுத்தா மறுநாளும் அதே கதை! ஸ்டாண்டுக்காரன் ஊக்கால குத்துறான், நீ ஒட்டுற. இன்னா பாய், கூட்டு வியாபாரமா?”

பின்னால் நின்ற தொண்டூர் ஆட்களுக்கும் அதே புகார். “கடைய பிரிச்சுப் போடுங்கடா!” என்றான் ஒருவன். பள்ளி விட்டு வந்து கடையில் உட்கார்ந்திருந்த என் மகள் பர்வீன், தள்ளுமுள்ளில் கீழே விழுந்தாள். “அத்தா, வூட்டுக்குப் போயிடலாம்,” என்று அழுதாள்.

“காலரை விடுங்க. உங்க கண்ணு முன்னாடியே கழட்டுறேன்.”

டியூபைத் தண்ணீரில் அமுக்கினேன். நேற்றைய ஒட்டுக்குப் பக்கத்திலேயே சன்னமான குமிழி. ஊக்கால் குத்துகிறவன் தேடி வந்து அதே இடத்திலா குத்துவான்? எனக்குப் பரபரப்பு ஏறியது. வால்வை அடையாளமாக வைத்து டியூபை டயரோடு பொருத்தி, ஓட்டைக்கு நேரான இடத்தைப் பிடித்தேன். முந்தின நாள் அங்கே கையால் தடவியபோது ஒன்றும் தட்டுப்படவில்லை. இப்போது டயரை உள்பக்கம் வெளியே வரும்படி மடித்து, பஞ்சால் துடைத்தேன். பஞ்சு சிக்கியது!

“முள்ளு!” கத்தியே விட்டேன்.

“நீயே வெச்சிருப்ப,” என்றார் ஏழுமலை.

“அப்ப நீங்களே தடவிப் பாருங்க.”

தடவினார். “அய்யோ!” என்று விரலை வாயில் வைத்துக்கொண்டார். கூட்டம் சிரித்தது.

குறடால் இழுத்தேன். கருவை முள்ளின் முறிந்த முனை. ஆள் ஏறி உட்கார்ந்தாலோ, டயரை மடித்தாலோதான் அது உள்ளே நீட்டும். ஓட்டை சிறியது, செஞ்சி வரை வண்டி வந்துவிடும், ஸ்டாண்டில் நிற்கும்போது காற்று மெல்ல இறங்கும். மற்ற சைக்கிள்களையும் கழற்றினேன். எல்லாவற்றிலும் அதே முள்.

“உங்க ஊரு ரோட்டுல யாருயா முள்ளு போட்டது?” என்றேன்.

எல்லாரும் ஏழுமலையைப் பார்த்தார்கள். “மாமா, கொல்லை வேலிக்கு முள்ளு வெட்டி ரோட்டோட இழுத்துக்கினு போனது நீதான!” என்றான் அவர்களில் ஒருவன்.

மறுநாள் அவர் திண்டிவனம் போகவில்லை. துடைப்பத்தோடு ரோட்டில் நின்றாராம்.

புதிதாகக் கடை போடுகிறவர்களுக்குச் சொல்கிறேன். டியூபை ஒட்டியதோடு எழுந்துவிடாதீர்கள். டயரை மடித்துப் பாருங்கள். குத்தியது உள்ளேயே இருந்தால் பழி யார் மேலாவது விழும். அன்று பஞ்சில் முள் சிக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று, பர்வீனைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.