அவள் அழிக்காத கதவு

அஞ்சாங்கிளாஸ்கூடத் தாண்டாமல், காகிதமே இல்லாமல் நாற்பது வீடு கட்டியவனாக்கும் நான். மஸ்கட்டில் இருந்த மகன் பிடிவாதம் பிடித்ததால்தான் நான் கட்டவிருந்த என் வீட்டுக்குக் கம்ப்யூட்டரில் பிளான் போடவைத்தேன். அவன் அங்கேயே இறந்ததும், பிளானிலிருந்து அவன் அறையை எடுக்கச் சொல்லிப் புதுக்கடை ஊரில் பிளான் போடுகிற இடத்துக்குப் போனேன்.

அங்கே கம்ப்யூட்டரில் வரைகிற பெண்ணுக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி. கேட்காமல் ஒரு கோட்டையும் தொடமாட்டாள்.

"மாமா, வீடு முழுக்க ஒரே கோடா சேந்து கெடக்கு. அந்தக் கோட்டத் துண்டு துண்டா உடைச்சாத்தான் அந்த ரூமு தனியா வரும். உடைக்கட்டா?"

"உடை மக்ளே."

ஒவ்வொன்றாகக் கேட்டு மூன்று சுவரை அழித்தாள்.

"நாலாவது ஹாலுக்கும் சொவராக்கும். இருக்கட்டு. அதில உள்ள கதவ அடைக்கட்டா?"

நான் சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்து எண்ணத் தொடங்கினேன். அவள் மறுபடி கேட்கவில்லை. அவள் தந்த பிளானில் அந்தக் கதவு, அறை இருந்த இடத்தில் வெறும் மண்ணைப் பார்த்து நின்றது. மகன் இறந்ததை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.